இறந்த தேதி என்ற காலிப் பெட்டி

கணிப்பொறி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இதை எந்த அட்டவணையில் வைக்கலாம் என்று மனசு அரிக்கும். பேருந்தில் ஏறினால் பயணிகள் ஒரு அட்டவணை, கண்டக்டர் ஒரு அட்டவணை. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே அட்டவணையா, வேறு வேறா என்று யோசித்துக்கொண்டே பாயசத்தைக் கோட்டை விடுவோம். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில், 2008இல், ராமேஸ்வரத்தில் ஒரு தை அமாவாசையன்று, உயிரோடு இருந்த ஒரு மனிதரின் கையாலேயே அவருக்கே எள்ளும் தண்ணீரும் விட வைத்தேன்.

அப்போது நான் எம்.சி.ஏ. முடித்து, அக்னி தீர்த்தத்துக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். லாட்ஜ் காசி அண்ணனுடையது. திதி கொடுக்க வருகிறவர்கள் அறை, வண்டி, சாஸ்திரிகள் மூன்றையும் ஒரே இடத்தில் பதிவு செய்ய ஒரு இணையதளம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. "வெளிநாட்டுல இருந்தெல்லாம் புக் பண்ணணும்த்தா" என்பார். (முதல் பதிவு பாம்பனிலிருந்து வந்தது. இதே தீவின் மறுமுனைதான் பாம்பன். அதுவும் ஒரு வகையில் வெளிநாடுதான் என்று அவரைத் தேற்றினேன்.)

நிரலில், அதாவது புரோகிராமில், 'நபர்' என்று ஒரு வகுப்பு (கிளாஸ், ஒரு வகை ஆளுக்கான அச்சு) எழுதினேன். அதற்கு இரண்டு வாரிசுகள். ஒருவர் 'கர்த்தா', அதாவது திதி கொடுக்க வருகிறவர். இன்னொருவர் 'பித்ரு', யாருக்குத் திதியோ அவர். பெயர், ஊர், கைபேசி எண் மூன்றும் இருவருக்கும் பொது என்று தாய் வகுப்பிலேயே வைத்துவிட்டேன். கர்த்தாவுக்கு மட்டும் அறை எண், வண்டி. பித்ருவுக்கு மட்டும் இறந்த தேதி, உறவுமுறை. வகுப்புகளில் இது அழகாகத்தான் இருந்தது. இதையெல்லாம் சேமித்து வைக்கிற தரவுதளத்துக்கு வந்தபோது பிடித்தது சனி. அட்டவணைகளுக்கு வாரிசு என்ற சமாசாரமே தெரியாது. பொதுவானதை ஒரு அட்டவணையிலும் மற்றதைத் தனித்தனி அட்டவணைகளிலும் வைத்து, எண் கொடுத்து இணைக்கலாம். இல்லை, ஆளுக்கொரு முழு அட்டவணை போடலாம். அதுவும் இல்லையென்றால் எல்லாரையும் ஒரே அட்டவணையில் கொட்டி, 'வகை' என்று மேலிருந்து கீழாக ஒரு பத்தி வைத்து, யார் எது என்று அதில் குறிக்கலாம்.

நான் கொட்டினேன். வேலை சீக்கிரம் முடியும் என்பது தவிர வேறு காரணம் இல்லை. காசி அண்ணனிடம் மட்டும் "இதுதான்ணே வேகம்" என்று சொல்லிவைத்தேன்.

முடித்த அன்றே அந்த அட்டவணையைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒரே அட்டவணை என்றால் எல்லாருக்கும் எல்லாப் பத்தியும் உண்டு. இறந்தவர் வரிசையில் 'அறை எண்' என்று ஒரு காலிப் பெட்டி. அது பரவாயில்லை. உயிரோடு இருக்கிற ஒவ்வொருவர் வரிசையிலும் 'இறந்த தேதி' என்று ஒரு காலிப் பெட்டி இருந்தது. சோதனைக்காக என்னையும் கர்த்தாவாகப் பதிந்திருந்தேன். என் அய்யா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார், அவரைப் பித்ருவாகப் போட்டிருந்தேன். கைபேசி எண் இல்லாமல் படிவம் நகராது, அதனால் அவருக்கும் என் எண்ணையே கொடுத்தேன். என் வரிசை இப்படி இருந்தது: செல்வராணி, அக்காள்மடம், இறந்த தேதி காலி. அந்தப் பெட்டி எனக்காகத்தான் காத்திருக்கிறது என்று தோன்றியது. திரையை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வீட்டில் வேறு பரபரப்பு. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு மிளகாய் விவசாயி வீட்டிலிருந்து எனக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பரமக்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். போட்டோ பார்த்தேன். பிடித்துவிட்டது, மறைப்பானேன். அதற்கு முன் வந்த இரண்டு இடமும், பெண் நிறையப் படித்துவிட்டது என்று தட்டிப்போயிருந்தன. அம்மா ஒற்றை ஆளாக என்னை வளர்த்தவள். இதுவும் போனால் தாங்கமாட்டாள், நானும்தான்.

"அமாவாசைக்குத் திதி குடுக்க ராமேசரம் வாராகளாம். திரும்பிப் போகையில நம்ம வீட்டுல ஒரு எட்டு நின்னு உன்னையப் பாத்துட்டுப் போவாகளாம். நெறைஞ்ச நாளு. அன்னைக்காச்சும் அந்தப் பொட்டிய விட்டுட்டு மத்தியானத்துக்குள்ள வந்து சேரு" என்றாள்.

அவர்கள் பெயர் என்ன, எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்தச் சேலை கட்டுவது என்று.

அமாவாசைக்கு முந்தின நாள் உச்சிவெயிலில் லாட்ஜின் வேன் டிரைவர் சேசுராசு அண்ணன் போன் செய்தார். யாரை எந்த ஊரில் ஏற்றவேண்டும் என்ற பட்டியலை என் இணையதளம்தான் அவருக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தது.

"தங்கச்சி, நான் தனுஷ்கோடில நிக்கிறேன். ரோடு முடிஞ்சு மணலு ஆரம்பிக்குதுல்ல, அங்கன. ஆளு யாரும் வரலயே."

"தனுஷ்கோடியா? அங்க யாருண்ணே நம்ம ஆளு?"

"பட்டியல்ல இருக்கே. ஒரு பக்கம் பூரா தனுஷ்கோடிதான். மணலுக்குள்ள கொஞ்ச தூரம் நடந்து போயி ஒவ்வொரு பேராக் கூப்புட்டுப் பாத்தேன். காத்து சத்தந்தான் கேக்குது."

பேசிக்கொண்டே அட்டவணையைத் திறந்தேன். பாம்பனில் ஒரு குடும்பம், 1964 புயலில் போன தங்கள் ஆட்கள் எல்லாரையும் பதிந்திருந்தது. ஊர் தனுஷ்கோடி. வகை பித்ரு. இறந்த தேதி வரிசையாக எல்லாருக்கும் ஒன்றேதான், அந்தப் புயல் நாள். வண்டிப் பட்டியல் எடுக்கும்போது, வகை கர்த்தாவாக இருந்தால் மட்டும் எடு என்று ஒரு நிபந்தனை எழுத வேண்டும். நான் எழுத மறந்திருந்தேன். என் நிரல் எல்லாரையும் கூட்டிவரச் சொல்லி வேனை அனுப்பியிருந்தது.

"எத்தனை பேரைக் கூப்பிட்டீங்கண்ணே?"

"உள்ள அம்புட்டுப் பேரையுந்தான். சத்தமாத்தான் கூப்புட்டேன்."

"வந்துருங்கண்ணே. உடனே வந்துருங்க."

அவர் வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "வரும்போது வண்டி இழுக்கல தங்கச்சி. ஆளு நெறைஞ்ச மாதிரி கனம்" என்றார். சக்கரத்தில் மணல் சிக்கியிருக்கும் என்றேன். அவர் வேனின் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்று, யாரோ இறங்கி முடிக்கட்டும் என்பதுபோலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சாத்தினார். (மறுநாள் கண்ணாடியில் தொங்கிய சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழமும் தொங்கியது.)

நான் உள்ளே ஓடி நிபந்தனையைச் சேர்த்தேன். சேர்த்து மூச்சுவிடுவதற்குள் என் கைபேசி சிணுங்கியது. "அன்புள்ள அழகர் அவர்களே, நாளை உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம்."

அழகர் என் அய்யா.

வருகிறவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப, காசி அண்ணனின் பழைய போன் ஒன்றைக் கணிப்பொறியோடு ஒயரில் மாட்டியிருந்தோம். அதிலும் அதே நிபந்தனையை மறந்திருந்தேன். அது பாட்டுக்கு அட்டவணையில் இருந்த அத்தனை பேருக்கும், இருப்பவர் இறந்தவர் பார்க்காமல், வாருங்கள் வாருங்கள் என்று அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று. ஜன்னல் இல்லாத அறை. பேட்டரியில் திரை மட்டும் மினுங்கியது. வெளியே கடல் இரைகிற சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது.

ஒயர் பிடுங்கிய அந்தப் பழைய போனில் ஒரு பதில் வந்து கிடந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு சொல்.

வாரேன்.

எந்த எண் என்று தேடினேன். ராமசாமி, முதுகுளத்தூர் வட்டம். வகை பித்ரு. இறந்து மூன்று வருஷம்.

நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தரையில் கால் வைக்கத் தைரியம் இல்லை. இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள பெண் என்ன செய்வாள்? அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டு யார் பேசுவது என்று கேட்பாள். நான் கேட்கவில்லை. யார் பேசுவார்கள் என்று பயம். அதனால் அறிவைப் பயன்படுத்தினேன். ராமசாமி வரிசைக்குக் கீழேயே வேலுச்சாமி என்று ஒருவர், அதே ஊர், அதே கைபேசி எண், வகை கர்த்தா. ஆகா, புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் ஆளுக்கு இரண்டு பெயர் சகஜம், ரேஷன் கார்டில் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. ஒரே எண் என்றால் ஒரே ஆள். ஒரே மனிதரை இறந்தவராக ஒரு தடவையும் இருப்பவராக ஒரு தடவையும் பதிந்திருக்கிறார்கள். இறந்த தேதி இருப்பதால் இறந்ததுதான் நிஜம். அழைப்பு போன குழப்பமெல்லாம் இப்படிப்பட்ட இரட்டைப் பதிவுகளால்தான் என்று முடிவுகட்டி, ஒரே ஒரு வரி எழுதினேன். ஒரு பித்ருவின் எண் வேறு யாருக்காவது இருந்தால் அவரையும் பித்ரு ஆக்கு.

பொத்தானைத் தட்டினேன். திரையும் அணைந்தது. கரண்டு வந்ததும் சாஸ்திரிகளுக்கான பெயர்த் தாள்களை அச்சடித்துக்கொள்ளுங்கள் என்று காசி அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். இனி இறந்தவர் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

மறுநாள் விடிகாலை அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெருக்கியது. பனிமூட்டம். கடல் குளம்போல அசையாமல் கிடந்தது. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வரிசையாக நின்றவர்களின் முகம் சரியாகத் தெரியவில்லை. காசி அண்ணன் தாள்களை என் கையில் கொடுத்து, சாஸ்திரிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கறுத்த, ஒடிசலான மனிதர். வெள்ளை மீசை. கூட அவர் வீட்டம்மா, முட்டியளவு தண்ணீரில் யாரிடமோ போனில் பேசியபடி ஒரு மகன். மகனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

சாஸ்திரிகள் மந்திரம் சொல்ல, பெரியவர் அர்த்தம் புரியாமலே பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்.

"இப்போ பேரைச் சொல்லி ஜலம் விடுங்கோ. ராமசாமி."

"ராமசாமி" என்று விட்டார். "எங்க அண்ணஞ்சாமி. அவருக்குப் பிள்ளை இல்ல. என்னையத்தான் பிள்ளையா வளத்தாரு."

சாஸ்திரிகள் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தார். "வேலுச்சாமி."

"வேலுச்சாமி" என்றார் பெரியவர். எள்ளும் தண்ணீரும் கட்டைவிரல் ஓரமாக வழிந்து இறங்கியது. இறங்கி முடிந்த பிறகுதான் அவர் கை அப்படியே நின்றது. கையைப் பார்த்தார். சாஸ்திரிகளைப் பார்த்தார்.

"சாமி, இப்ப ஊத்துன தண்ணி யாருக்கு?"

"தாள்ல இருக்கே. வேலுச்சாமி."

"வேலுச்சாமி நாந்தான்."

அவர் மனைவி "அய்யோ" என்று வைத்த சத்தத்தில் புறாக்கள் எழும்பின. சாஸ்திரிகள் தாள்களை என்னிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கினார். கர்த்தா என்ற இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த தாளைப் புரட்டினார். அதிலும் வெறுமை. அதற்கடுத்ததும் அப்படியே. வீட்டுக்கு ஒரு போன் இருந்த காலம். செத்தவருக்கு என்ன எண் போடுவது என்று தெரியாமல் எல்லாரும் தங்கள் எண்ணையே போட்டிருந்தார்கள். நான் எழுதிய ஒரு வரி அத்தனை பேரையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"என்ன காசி இது? ஒருத்தரும் உசுரோட இல்லையே!" என்றார் சாஸ்திரிகள்.

நான் வரிசையை நிமிர்ந்து பார்த்தேன். பனிக்குள் ஈரத் துணியோடு, பேசாமல், தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். என் கணக்கில் எல்லாரும் இறந்தவர்கள். ஓடிவிடலாமா என்று பின்னால் ஒரு அடி வைத்தேன். அப்போது சாஸ்திரிகள் கடைசித் தாளைப் பிரித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உரக்க வாசித்தார்.

"அழகர், அக்காள்மடம். செல்வராணி, அக்காள்மடம். இது யாரோட பித்ரு? செல்வராணிக்கு யார் வந்திருக்கேள்?"

சோதனைப் பதிவை அழிக்காமல் விட்டிருந்தேன்.

"நாந்தான் சாமி" என்றேன்.

பெரியவர் தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்கு வேண்டிய சொற்களைக் காசி அண்ணனே மொத்தமாகக் குத்தகை எடுத்திருந்தார். பெரியவரை மறுபடி கடலில் முழுக்காட்டி, கோயிலுக்குள் எல்லாத் தீர்த்தத்திலும் இன்னொரு சுற்று குளிக்க வைத்தார்கள். மற்ற தாள்களை எல்லாம் பேனாவால் திருத்தினார்கள். காசி அண்ணன் என்னிடம், "நீ போத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா காரணம் கேட்காமல் முகத்தைக் கழுவச் சொல்லி, சேலையைச் சுற்றிவிட்டாள். வாசலில் வண்டி வந்து நின்றது. காப்பித் தட்டோடு வந்த நான் முதலில் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல. இன்னும் ஈரம் காயாத ஒரு வெள்ளை மீசையை.

தட்டு ஆடிய ஆட்டத்தில் காப்பி பாதி தட்டிலேயே கிடந்தது. நேற்றுவரை எந்தச் சேலை என்று கவலைப்பட வைத்த வரன் என் கண் முன்னே கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் பிள்ளைதானா?" என்றார் அவர்.

"ஆமாய்யா" என்றாள் அம்மா, ஒன்றும் அறியாமல்.

"இதுதான் காலைல என்னையக் கொன்ன பிள்ளை."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியவரின் வீட்டம்மா "எந்திரிங்க போவோம்" என்று எழுந்தேவிட்டார். பெரியவர் எழவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"ஏத்தா, எங்க அண்ணன் பேருக்கு நேத்து வாங்கன்னு ஒரு செய்தி வந்துச்சே. அது நீ அனுப்புனதா?"

தலையாட்டினேன்.

"இது அண்ணன் போனு. அவரத் தேடி யாராச்சும் கூப்புட்டா தகவல் சொல்லணும்னு நாந்தான் வச்சுருக்கேன். மூணு வருசமா ஒருத்தரும் கூப்புடல. மொத மொத நேத்துத்தான் அவரு பேரச் சொல்லி ஒரு ஆளு வாங்கன்னுச்சு. பேசாம இருந்தா மரியாதை இல்லன்னு இவனைய விட்டு வாரேன்னு எழுதச் சொன்னேன்." மகனைக் காட்டினார். "கூப்புட்ட ஆளு அண்ணனையும் வரவச்சுட்டு என்னையும் அவரு பக்கத்துலயே ஒக்கார வச்சுருச்சு. சரி, தன்னையும் சேத்துல்ல அந்தப் பக்கம் அனுப்பி வச்சுக்கிருச்சு!"

அப்போதுதான் அவர் சிரித்தார். வீடு மொத்தமும் மூச்சுவிட்டது.

"செத்துப் பொழைச்சவனுக்கு ஆயுசு கெட்டி. இந்தப் பிள்ளைய வேற வீட்டுக்கு விட்டா அங்கன யாரையாச்சும் கொன்னுபுடும். நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

என் கணவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி, இறந்தவர் போனிலிருந்து, இறந்தவர் சார்பாக வந்தது. இதைவிடப் பொருத்தம் எந்த சோசியர் பார்த்திருக்க முடியும்?

கல்யாணத்துக்கு முன்பே காசி அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்த அட்டவணையைப் பிரித்து எழுதினேன். நபருக்குத் தனி, கர்த்தாவுக்குத் தனி, பித்ருவுக்குத் தனி. கைபேசி எண்ணை நபரிடமிருந்து பிடுங்கினேன், அது கை மாறும் என்று தெரிந்துவிட்டது. எழுதும்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கர்த்தா, பித்ரு என்று இரண்டு வகை மனிதர்களே கிடையாது. இன்று இந்த அட்டவணையில் இருப்பவர் நாளை அந்த அட்டவணைக்குப் போவார். எந்தப் பாடத்திலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மாமா ஆகிவிட்ட அந்தப் பெரியவர் அதற்கப்புறம் பல வருஷம் திடமாக இருந்தார். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் காலையில் என்னைக் கூப்பிட்டு, வீடே கேட்கும்படி, "ஏத்தா, இந்த வருசம் என்னைய எந்தப் பக்கம் வச்சுருக்க?" என்பார். "இந்தப் பக்கந்தான் மாமா" என்பேன். அப்புறம்தான் காப்பி குடிப்பார். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் இந்தக் கதைதான். சொல்லச் சொல்ல வேனின் கனம் கூடிக்கொண்டே போனது.

அவர் தவறிய பிறகு வந்த முதல் தை அமாவாசைக்கு எல்லாரும் அக்னி தீர்த்தத்துக்குப் போனோம். அதே பனி. என் கணவர் உட்கார்ந்திருந்தார். சாஸ்திரிகள் பேரைக் கேட்டார். "வேலுச்சாமி" என்றார் இவர். கையில் எடுத்த தண்ணீரை உடனே விடவில்லை. அத்தை என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நல்லாப் பாத்தியா? இந்தத் தடவை தப்பு ஒண்ணும் இல்லயே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே எல்லாரும் என்னையே பார்த்தார்கள், அத்தையும். நான் எழுதியதில் ஒரு தப்பு இருந்துவிடக்கூடாதா என்று நான் ஏங்கியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"சரியாத்தான் இருக்கு அத்தை" என்றேன்.